பொத்திப் பொத்தி வளர்த்த செல்கள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. மனிதக் கண்ணின் விழித்திரைச் செல்களைப் பதினெட்டு வருடமாக வளர்த்து வருவதால் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைச் செல்லம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் பழைய பெயர் இப்போது புழங்குவதில்லை. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அட்டையில் இருக்கிற புகைப்படமே இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கலாம் என்பதுதான் அவளுடைய குறை.

செல் வளர்ப்பதை லேசான வேலை என்று நினைப்பவர்களைச் செல்லம்மா ஏற இறங்கப் பார்த்தே விரட்டிவிடுவாள். இன்குபேட்டரில் சூடு கால் டிகிரி ஏறினாலும் செல் முகம் சுளிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது மீடியம் ஊற்ற வேண்டும். மீடியம் என்பது செல்லுக்குச் சாப்பாடும் தண்ணீரும் எல்லாமும்தான். அதையும் செல் மேலேயே கொட்டக் கூடாது, ஓரமாகச் சுவரில் வழியவிட வேண்டும். யாராவது அறைக்கதவைப் படாரென்று சாத்தினால் அன்றைக்கு அவருக்கு அர்ச்சனைதான். சொந்த மகள் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட மதியம் ஒரு தடவை ஓடிவந்து செல்லுக்கு மீடியம் மாற்றிவிட்டுப் போனவள் அவள். மகள் அதை இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவள் கணவர் வேலை பார்த்தார். மூலக்கூறு செய்வது அவர் தொழில். உருண்டைக் குடுவையை ஏந்திக்கொண்டே நடமாடுவதால் குடுவைக்காரர் என்று பெயர். ஹுட் என்கிற புகைக்கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் கையைவிட்டு அதைக் கலக்கி, இதைச் சூடாக்கி, வடிகட்டிக் காயவைத்தால் கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி கிடைக்கும். அதை ஒரு குப்பியில் போட்டு எண் எழுதி அனுப்புவார். அது கீழே வந்து அவளுடைய செல்கள் மேல் விழும். அது மருந்தாகுமா ஆகாதா என்று செல்கள் தீர்ப்புச் சொல்லும்.

புருஷன் செய்த பொடிக்குப் பெண்டாட்டி மதிப்பெண் போடுவதா என்று ஊர் வாய் சும்மா இருக்குமா? அதற்காகவே இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. வாசலுக்குள் நுழைந்ததும் அவர் ‘சார்’, அவள் ‘மேடம்’. இன்னொன்று பூட்டு. பூட்டு என்பது புள்ளியியல் நிபுணர் ஒருவருடைய பட்டப்பெயர். ஐம்பது வயது, ஒல்லியான உருவம், சிரித்தால் பிழையாகிவிடுமோ என்று பயப்படுகிற முகம். மேலிருந்து வரும் குப்பிகளின் எண்களைக் கிழித்துவிட்டு, தான் மட்டும் அறிந்த சங்கேத எழுத்துகளை ஒட்டிக் கீழே அனுப்புவார். எந்தச் செல் மேல் எது விழுகிறது என்று செல்லம்மாவுக்குத் தெரியாது. முடிவு வந்த பிறகுதான் பூட்டு வாயைத் திறப்பார்.

அவர்கள் தேடிக்கொண்டிருந்தது வயதானவர்களின் நடுப்பார்வை மங்கிப்போகும் நோய்க்கு ஒரு மருந்து. வெளிச்சமும் ஆக்சிஜனும் நாள் முழுக்க வந்து விழுகிற இடம் விழித்திரை. அந்த உழைப்பில் செல்லுக்குள் பெராக்சைடு மாதிரி அரிக்கிற சரக்குகள் சேர்ந்துகொண்டே இருக்கும். இளமை இருக்கிறவரை செல்லே அவற்றைக் கூட்டித் துடைத்துவிடும். வயதாக ஆகக் கை சளைத்துப்போகும். துப்புரவு வேலையைத் தொடங்கிவைக்கிற புரதம் ஒன்று செல்லுக்குள் எப்போதும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்னொரு புரதம் அதன் கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறது. அந்தப் பிடியை விடவைக்கிற சின்ன மூலக்கூறு ஒன்று, மாத்திரையாக விழுங்கினால் கண்வரை போய்ச் சேரக்கூடியது, கிடைத்தால் போதும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

சோதனை எளிமையானது. தொண்ணூற்றாறு குழி உள்ள பிளேட்டில் செல்களை விதைத்து, மூலக்கூறைச் சேர்த்து, ஒருநாள் விட்டுப் பெராக்சைடை ஊற்ற வேண்டும். மறுநாள் எத்தனை செல் பிழைத்தது என்று எண்ணினால் வேலை முடிந்தது. மருந்து வேலை செய்திருந்தால் நிறையப் பிழைத்திருக்கும்.

குடுவைக்காரர் நான்கு மாதத்தில் அறுபத்துமூன்று மூலக்கூறு அனுப்பியிருந்தார். ஒன்றும் தேறவில்லை. திட்டத்தின் தலைவி ஒவ்வொரு வாரமும் கூட்ட அறையின் வெள்ளைப் பலகையில் தோற்ற எண்களைச் சிவப்பு மையால் அடிப்பார். அந்தக் கோட்டுக்காகவே அவருக்குச் சிவப்புக்கோடு என்று பெயர் வந்திருந்தது. பலகையின் இடப்பக்கம் முழுக்கக் கோடாக இருந்தது.

செல்லம்மாவுக்கு இதில் வருத்தம் இருந்தாலும் கூடவே ஒரு பெருமையும் இருந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. மற்ற ஆய்வுக்கூடங்களில் ஊற்றுகிறதைப் போல நான்கு மடங்கு பெராக்சைடு ஊற்றினால்தான் அவள் செல்களில் பாதியாவது சாகும். வெளியிலிருந்து யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

“நம்ம செல்லு கொஞ்சம் தெம்பு. வளர்ப்பு அப்படி.”

வந்தவர்களும் தலையாட்டி வியப்பார்கள். வியக்காதவர்களுக்கு அவள் இன்னொரு தடவை சொல்வாள்.

அடுத்த மாத முதல் வியாழக்கிழமைக் கூட்டத்தில் கடைசி எண்ணையும் அடித்துவிட்டு மூன்றாம் மாடியில் குடுவைக்காரர் வேலை செய்கிற மேடையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவது என்று பேச்சு. குடுவைக்காரர் ஆவணப் பிரிவுக்குப் போக வேண்டும். நான்கு சுவருக்குள் ஒரு மேசை, ஒரு கணினி, விண்ணப்பப் படிவங்கள். இருபத்தாறு வருடம் கையால் பொருள் செய்த மனிதர்.

அவர் அதை வீட்டில் ரொம்பச் சிரித்த முகமாக எடுத்துக்கொண்டார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “உக்காந்து பண்ற வேலை, முதுகுக்கு நல்லது” என்றார். “ஹுட்டுக்கு முன்னால நின்னு நின்னு காலு வீங்கிப்போச்சு” என்றார். கேட்காமலே ஆறுதல் சொல்கிறவரை எப்படி நம்புவது? மகள் ஒருநாள் அடுக்களையில் அவள் காதோடு சொன்னாள்.

“அம்மா, அப்பா வேதியியல் புத்தகத்தையெல்லாம் பெட்டியில கட்டிட்டாரு. என்கிட்ட, ‘உனக்கு வேணுமா, இல்ல யாருக்காவது குடுத்துடலாமா’ன்னு கேட்டாரு. நான் பேசாம இருந்துட்டேன்.”

செல்லம்மா அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆனால் என்ன செய்ய? செல் சொல்வதை அவள் மாற்றிச் சொல்ல முடியுமா?

இந்த நேரம் பார்த்து அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று வேலையைக் காட்டியது. டாக்டர் அதைப் பிடுங்கிவிட்டு மூன்று நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். வளர்ப்பை யாரிடம் விடுவது என்று அவள் தவித்த தவிப்பு, பல் வலியைவிடப் பெரிது. கடைசியில் பூட்டிடம் விட்டாள். அவரும் பழைய காலத்தில் செல் வளர்த்தவர்தான். சுவரில் ஒட்டியிருக்கிற செய்முறைத் தாளைக் காட்டி, “இதுல இருக்கறபடி அப்படியே பண்ணுங்க, சார், சொந்தமா எதுவும் யோசிக்காதீங்க” என்று மூன்று தடவை சொன்னாள். சொந்தமாக யோசிக்காமலிருப்பது பூட்டுக்குக் கைவந்த கலை.

திங்கட்கிழமை வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தாள். செல்கள் நன்றாகத்தான் இருந்தன. பூட்டு விதைத்து மூலக்கூறும் சேர்த்து வைத்திருந்த பிளேட்டில் வழக்கமான அளவு பெராக்சைடை ஊற்றினாள். செவ்வாய் காலை நுண்ணோக்கியில் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொண்ணூற்றாறு குழியிலும் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் உருண்டு சுருங்கி மிதந்தன. எப்போதும் காப்பாற்றுகிற பழைய மருந்து ஒன்றை ஒப்பிடுவதற்காக ஓரக் குழிகளில் போட்டு வைப்பார்கள், அதுவும் இந்தத் தடவை கைவிட்டிருந்தது.

பூட்டைக் கூப்பிட்டாள். வாய் முழுசாகத் திறக்காததால் திட்டுவதும் முழுசாக வரவில்லை.

“என்னத்த ஊத்துனீங்க, சார்? என் கொழந்தைங்கள இப்படிக் கொன்னு போட்டிருக்கீங்களே!”

“தாள்ல இருக்கறத ஊத்தினேன், மேடம்” என்றார் பூட்டு. “மீடியம், சீரம், அப்புறம் கிருமி வராம இருக்கறதுக்கு மருந்து. அவ்வளவுதான்.”

“பைருவேட்?”

“அது எங்க இருக்கு தாள்ல?”

அவள் தாளைப் பார்த்தாள். இல்லை. மேலிருந்து கீழ் ஒருதடவை, கீழிருந்து மேல் ஒருதடவை பார்த்தாள். எங்குமே இல்லை.

நான்கு மாதத்துக்கு முன் புதுச் செல்கள் பார்சலில் வந்தபோது வழியில் வாடிப்போய் வந்திருந்தன. பிழைப்பதே கஷ்டம் என்று தோன்றியது. நோஞ்சான் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு வாய் ஊட்டுகிற மாதிரி, மீடியத்தில் அவள் கொஞ்சம் பைருவேட் சேர்த்தாள். செல்லுக்குச் சட்டென்று தெம்பு தருகிற பொருள் அது. இரண்டே வாரத்தில் தேறிவிட்டன. தேறிய பிறகு நிறுத்தினாளா என்றால் நிறுத்தவில்லை. நன்றாக வளர்கிற பிள்ளையின் சாப்பாட்டில் யார் கைவைப்பார்கள்? தன் நோட்டில் ‘வழக்கமான மீடியம்’ என்று எழுதிவந்தாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் வழக்கமாகிவிட்டதே.

எப்போதோ மாணவியாக இருந்தபோது படித்தது இப்போது வந்து மண்டையில் உட்கார்ந்தது. பைருவேட்டுக்கும் பெராக்சைடுக்கும் ஆகவே ஆகாது. இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும்.

இரண்டு சின்னக் குழாய் எடுத்தாள். ஒன்றில் அவளுடைய மீடியம், இன்னொன்றில் பூட்டின் மீடியம். இரண்டிலும் மற்ற ஆய்வுக்கூடங்கள் ஊற்றுகிற சாதாரண அளவு பெராக்சைடு. கொஞ்ச நேரம் கழித்து, பெராக்சைடு இருந்தால் நீலமாகிற தாள் பட்டையை இரண்டிலும் தொட்டாள். பூட்டின் குழாயில் பட்டை கருநீலமானது. அவளுடைய குழாயில் சும்மா வெள்ளையாகவே இருந்தது.

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். செல்களுக்கு ஒரு தெம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஊற்றிய பெராக்சைடைச் செல்லைத் தொடுவதற்கு முன்னாலேயே அவள் ஊட்டிய ஊட்டம் விழுங்கிக்கொண்டிருந்தது. சாகவில்லையே என்று அவள் மேலும் மேலும் ஊற்ற, பைருவேட் தீர்ந்துபோன நொடியில் மிச்சம் மொத்தமும் ஒரேயடியாகச் செல் மேல் பாய்ந்திருக்கிறது. கையை விடுவித்துத் துடைப்பத்தை எடுப்பதற்குள் வீடே இடிந்து விழுந்தால் எந்தப் புரதத்தால் என்ன செய்ய முடியும்? பெராக்சைடை நேராகப் பிடித்து அழிக்கிற பழைய மருந்துக்கு மட்டும் அந்த இடியில் ஏதோ கொஞ்சம் பிழைக்கவைக்க முடிந்திருக்கிறது. அதனால் சோதனை சரியாக நடப்பதாகவே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அறுபத்துமூன்று மூலக்கூறுகளைத் தோற்கடித்தது செல்கள் அல்ல, அவள்தான்.

முதல் யோசனை, மூன்றாம் மாடிக்கு ஓடிப்போய் அவரிடம் சொல்லிவிடுவது. படி வரைக்கும் போய்விட்டாள். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். இன்னும் ஒன்பது நாளில் அவர் மேடை பறிபோகிறது. இந்த நேரம் பார்த்துப் பெண்டாட்டி வந்து, தப்பு மருந்தில் இல்லை, என்னிடம் என்றால் யார் நம்புவார்கள்? புருஷனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்பார்கள். பதினெட்டு வருடம் சார், மேடம் என்று கட்டிக்காத்ததெல்லாம் ஒரே நாளில் போகும். அவருக்குமே தலைக்குனிவு. அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. சோதனையைச் சரியாகச் செய்தும் எல்லாமே தோற்றுப்போனால்? அவருக்கு ஒரு ஆசையைக் கொடுத்துப் பிறகு அதையும் பிடுங்குவதா? அவள் படியை விட்டு விலகி, இரண்டு தாள் பட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நேராகச் சிவப்புக்கோட்டின் அறைக்குப் போனாள்.

சிவப்புக்கோடு அவளைவிடப் பத்து வயது சின்னவர். அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“சாருக்குத் தெரியுமா?”

“தெரியாது, மேடம்.”

“வேற யாருக்கு?”

“பூட்டு சாருக்குப் பாதி தெரியும். மீதி அவரே கணக்குப் போட்டிருப்பாரு.”

சிவப்புக்கோடு கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் மறுபடி பண்ணணும். அறுபத்துமூணும். தாள்ல இருக்கற மீடியம், கால்வாசி பெராக்சைடு. ஆனா நீங்க அந்த அறைக்குள்ளயே போகக் கூடாது. பூட்டு சாரே பண்ணட்டும். சங்கேதம் நான் போடறேன், அவருக்கும் தெரிய வேண்டாம்.”

“சரி, மேடம்.”

“வீட்லயும் சொல்லாதீங்க. உங்களால முடியுமா?”

“பல்லு வலின்னு வாய மூடிக்கறேன்” என்றாள் செல்லம்மா. சிவப்புக்கோடு முதல் தடவையாகச் சிரித்ததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதையும் அங்கேயே அழுதுவிட்டுப் போனாள்.

அந்த ஒரு வாரம் அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. தன் அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு மேசை போட்டுக்கொண்டு, புதுச் செய்முறைத் தாள் எழுத ஆரம்பித்தாள். தன் கை தானாகச் செய்கிற ஒவ்வொன்றையும் எழுதுவது என்று வைராக்கியம். எழுத எழுதத் தாள் நீண்டுகொண்டே போனது. பிளேட்டை வெளியே எடுப்பதற்கு முன் அவள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாளாம். மீடியம் ஊற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாளாம். இதெல்லாம் இத்தனை வருடம் அவளுக்கே தெரியாது. பூட்டு இடையில் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

“மேடம், ‘செல்லிடம் காலை வணக்கம் சொல்லவும்’னு எழுதியிருக்கீங்க.”

“நான் சொல்லுவேனே.”

“நான் சொல்லல. பரவாயில்லையா?”

அவள் யோசித்துவிட்டு அந்த வரியை அடித்தாள். மனசு கேட்காமல் ஓரத்தில், ‘விருப்பம் இருந்தால்’ என்று எழுதினாள்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பூட்டு மீடியம் ஊற்றுவதைப் பார்ப்பது பெரிய கொடுமை. சுவரோரமாக வழியவிடத்தான் செய்தார், ஆனால் அளவுகோல் வைத்த மாதிரி விறைப்பாக. ஒரு தடவை கதவைப் படாரென்று சாத்தினார். செல்லம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது குடுவைக்காரர் தம்முடைய நல்ல குடுவைகளை யார் யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று கழுத்துள்ள பெரியது பக்கத்து மேடைக்காரருக்கு, நீளக் குளிர்குழாய் கீழ்த்தளத்துக்கு. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். செல்லம்மா பாலில் ஊறிய ரொட்டியை இடது பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி மென்றாள்.

“எதுக்குங்க அதுக்குள்ள எல்லாத்தையும் தூக்கிக் குடுக்கறீங்க? கூட்டம் முடியட்டுமே” என்றாள், முடிந்தவரைச் சாதாரணமாக.

“முடிஞ்ச மாதிரிதானேம்மா. அறுபத்துமூணு தடவை கேட்டாச்சு, அறுபத்துமூணு தடவையும் உன் செல்லு இல்லைன்னு சொல்லிடுச்சு. இதுக்கு மேல கேட்டா மரியாதை இல்ல.” சிரித்தார். “எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. இருபத்தாறு வருஷம் கைல நல்லது கெட்டது தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தெரியலைன்னு தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதானே.”

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ரொட்டியோடு சேர்த்து விழுங்கினாள். இருபது வருடக் குடித்தனத்தில் அவரிடம் எதையும் ஒளித்ததில்லை. இதை ஒளிப்பது தாங்கவில்லை.

வியாழக்கிழமை கூட்ட அறையில் பதினோரு பேர். குடுவைக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, விடைபெற வந்தவர் மாதிரி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். சிவப்புக்கோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றார். கையில் பேனா இல்லை.

“முதல்ல மேடம் ஒண்ணு சொல்லணுமாம்.”

செல்லம்மா எழுந்தாள். குடுவைக்காரர் பக்கம் பார்க்காமல் பலகையைப் பார்த்துச் சொன்னாள். பார்சலில் வாடி வந்த செல்கள், கூடுதலாக ஊட்டிய பைருவேட், ‘வழக்கமான மீடியம்’ என்று எழுதிய நோட்டு, நான்கு மடங்கு பெராக்சைடு, பெருமையடித்துக்கொண்டது. எதையும் விடவில்லை. “தப்பு செல்லு மேல இல்ல, மூலக்கூறு மேலயும் இல்ல. நான் பண்ணினது. நாலு மாசம் யாருக்கும் தெரியாம நானே பண்ணினேன், எனக்கே தெரியாம” என்று முடித்தாள். சப்பைக்கட்டு கட்டவில்லை. வாய் இன்னும் கொஞ்சம் கோணியபடியேதான் இருந்தது.

மேசையின் அந்தக் கோடியில் ஒருவர் இன்னொருவர் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். என்ன முணுமுணுத்திருப்பார் என்று செல்லம்மாவுக்குத் தெரியும். சிவப்புக்கோட்டுக்கும் தெரிந்தது.

“மறு சோதனை முழுக்கப் பூட்டு சார் பண்ணினாரு. மேடம் அந்த அறைக்குள்ள கால் வைக்கல. சங்கேதம் என்கிட்ட இருந்துச்சு. வேற சந்தேகம் யாருக்காவது இருக்கா?” என்றார். யாருக்கும் இல்லை.

பூட்டு எழுந்து, உறையைப் பிரித்து, தாளை விரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவசரம் என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. சங்கேதத்தையும் எண்ணையும் சேர்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, இல்லை. பத்து தாண்டியது, பதினைந்து தாண்டியது. செல்லம்மா மனசுக்குள் கூடவே எண்ணினாள். இவ்வளவு சொல்லியும் ஒன்றுமில்லாமல் போய்விடுமோ?

“இருபத்திரண்டு” என்றார் பூட்டு. “மருந்து இல்லாத குழியில நூத்துக்கு இருபத்தஞ்சு பிழைச்சிருக்கு. இதுல எழுபத்தாறு. மூணு பிளேட்லயும் அதேதான்.”

அதன் பிறகு முப்பத்தொன்று, நாற்பது, நாற்பத்துநான்கு, மூன்றும் ஓரளவு தேறின. குடுவைக்காரர் ஆறு வாரம் பாடுபட்டு இழைத்து இழைத்துச் செய்த செல்லப்பிள்ளை அறுபத்துமூன்று, சுத்தமாகத் தேறவில்லை.

குடுவைக்காரர் மேசைமேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிவப்புக்கோடு துணியை எடுத்துப் பலகையில் அந்த நான்கு எண்கள் மேலிருந்த கோடுகளை அழித்தார். மை காய்ந்துபோயிருந்ததால் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. மேடை குடுவைக்காரரிடமே இருக்கும் என்றும், இருபத்திரண்டை நிறையச் செய்ய வேண்டும் என்றும், இனி மீடியம் கலக்கினால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார். பிறகு அவர் பக்கம் திரும்பி, “சார், ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

“இருபத்திரண்டு ஒரு மத்தியானம் மீதி இருந்த சரக்க வெச்சுப் பண்ணினது” என்றார் குடுவைக்காரர். “வேற ஒண்ணும் இல்ல.” எழுந்து போய்விட்டார். போகும்போது அவளைப் பார்க்கவில்லை.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் செல்லம்மா காத்திருந்தாள். வழக்கமாக ஏறும் பேருந்து வந்து போனது. அடுத்ததும் வந்து போனது. மூன்றாவது வருகிற நேரத்தில் அவர் வந்தார். சட்டைக் கையில் ஏதோ கறை, விரலில் பொடி. ஏறி உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். நான்கு நிறுத்தம் போனது.

“கோவமா?” என்று அவள்தான் கேட்டாள்.

“இருக்கு.”

“இருக்கட்டும்.”

இன்னொரு நிறுத்தம் போனது.

“நாலு மாசம்மா” என்றார் அவர், முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு. “கை நடுங்குதோன்னு கண்ணுக்கு முன்னால நீட்டிப் பாத்தேன். கண்ணாடிய மாத்தினேன். தராச ரெண்டு தடவை சரிபாக்கச் சொன்னேன். கெமிக்கல் பாட்டில் அனுப்பினவன்கிட்டப் போன்ல சண்ட போட்டேன், பாவம், அவன் என்ன பண்ணுவான். கடைசியில என் மூளை மேலயே சந்தேகம் வந்துடுச்சு. வயசாயிடுச்சு, இனிமே நமக்கு வராதுன்னு முடிவே பண்ணிட்டேன். உன் செல்லு மேல மட்டும் ஒரு நாள்கூடச் சந்தேகம் வரல.”

செல்லம்மாவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

“வந்திருக்கணுங்க. எங்கிட்ட வந்து, என்னடி ஊத்தறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

“கேட்டிருக்கணும்.” அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக. “இனிமே எது தப்பாப் போனாலும் மொதல்ல உன்னத்தான் சந்தேகப்படுவேன். சொல்லிட்டேன்.”

“படுங்க” என்றாள் அவள். இருபது வருடத்தில் அவர் சொன்ன நல்ல வார்த்தைகள் எத்தனையோ உண்டு. எதுவும் அவளுக்கு இவ்வளவு நிம்மதியைக் கொடுத்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். “இருபத்திரண்டு கைல எவ்வளவு இருக்கு?”

“ஒரு துளிகூட இல்ல. கூட்டம் முடிஞ்சதும் ஆரம்பிச்சுட்டேன். அதான் ரெண்டு பஸ் போச்சு.”

“எப்ப தருவீங்க?”

“பத்து நாள். ஆனா இந்தத் தடவை நானும் கீழ வந்து நீ ஊத்தறத நின்னு பாப்பேன்.”

“கதவ மெதுவாச் சாத்தணும்” என்றாள் செல்லம்மா.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் அவர் அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.